‘ம்’ கொட்டியவரின் நடிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவார். கதையில் பாதி அந்த ‘ம்’மில்தான் இருக்கிறது. நடிகர் டி. எஸ். பாலையாவைப் பற்றிப் பேச எழுந்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வந்தது. அதில் பாலையாவின் பாத்திரம் விஸ்வநாதன். எஸ்டேட் முதலாளி, பெண்களுக்குப் பணக்கார மாப்பிள்ளை தேடுகிற அப்பா. இப்படிப்பட்ட அப்பாக்களை அதற்கு முன்பும் பின்பும் நூறு படங்களில் பார்த்துவிட்டோம். படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, அதாவது நாகேஷ், ஒருநாள் அவருக்கு ஒரு திகில் கதை சொல்கிறார். அந்தக் காட்சியின் எழுத்து முழுக்க மகன் பக்கம் இருக்கிறது. அதில் தவறு இல்லை. சொல்பவனுக்குத்தானே வசனம்? கேட்பவருக்கு என்ன எழுதுவது?

எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் பாலையா குடியேறுகிறார். முதலில் முகத்தில் அசட்டை, ‘இவன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறான்’ என்கிற அப்பாவின் அசட்டை. நாகேஷ் வாயாலேயே ஒவ்வொரு சத்தமாக எழுப்புகிறார். அசட்டை மெல்லக் கரைகிறது. கண்கள் விரிகின்றன, உடம்பு ஒடுங்குகிறது. ஊரை அதட்டுகிற முதலாளி நம் கண்முன்னே கதை கேட்கும் சிறுவனாகிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து விஸ்வநாதன் வெறும் பணத்தாசைக்காரர் அல்லர். எளிதில் நம்பிவிடுகிறவர், வெள்ளை மனதுக்காரர். பின்னால் பிள்ளைகள் ஆள்மாறாட்டம் செய்து அவரை ஏமாற்றும்போது அதை நாம் நம்புவதற்குக் காரணம் இந்த முகம்தான். கதையின் ஓட்டையை ஒரு நடிகர் தன் கண்களால் அடைத்திருக்கிறார் என்றே சொல்வேன்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? பாலையா நாடக மேடையில் வளர்ந்தவர். 1936இல் ‘சதி லீலாவதி’ வழியாகத் திரைக்கு வந்தார், எம்.ஜி.ஆரும் அதே படத்தில்தான் அறிமுகமானார். மேடையில் ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், பாடி முடிக்கும்வரை மற்றவர்கள் நின்றாக வேண்டும். சும்மா நிற்கவும் கூடாது, குறுக்கே வரவும் கூடாது. ஒருவர் உயிரோடு நிற்பது எப்படி என்பதை அவர் அங்கேதான் கற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

‘காதலிக்க நேரமில்லை’க்கு அடுத்த ஆண்டே, 1965இல், ‘திருவிளையாடல்’. அதில் நாகேஷின் தருமியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் பாலையா நடித்த ஹேமநாத பாகவதரிடம் போகிறேன். புராணக் கதையில் அவர் அகந்தைக்கு இடப்பட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். ‘ஒரு நாள் போதுமா’ பாடும்போது பாலையா அந்த அகந்தையை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, மிடுக்கு பாலையாவுடையது. பிறகு ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கிறார். அங்கே தோற்றுப்போகிறவர் வில்லன் அல்லர். நல்ல சங்கீதம் எது என்று தெரிந்த வித்வான். தெரிந்ததனால்தான் இரவோடு இரவாக மதுரையை விட்டுப் போகிறார். அகந்தைக்காரருக்குள் ஒரு ரசிகர் இருந்தார் என்பதை எந்த வசனமும் நமக்குச் சொல்வதில்லை. அவர் கேட்கும் விதம் சொல்கிறது.

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அவர் கையில் தவில் இருந்ததும் எவ்வளவு பொருத்தம்! பக்கவாத்தியக்காரருக்குக் காதுதான் முதல் கருவி.

விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தத் திகில் கதைக் காட்சியைத் திரையிடப் போகிறோம். எல்லோரும் பலமுறை பார்த்ததுதான். இந்த ஒரு முறை மட்டும் நாகேஷைக் காதால் கேளுங்கள்; கண்களைப் பாலையாவின் முகத்திலிருந்து எடுக்காதீர்கள்.