சின்னக் குழுவுக்குக் கூட்டமைப்பு எதற்கு?

[திரையில்: சாட்ஸ்வொர்த், சமூகக் கூடத்துச் சமையலறை]

வணக்கம். வாராவாரம் பெரிய பானையில் சமைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள், கோவில் இளைஞர் அணி, தனியாக இருக்கும் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாலு பேர் என்று டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எத்தனையோ குழுக்கள் இருக்கின்றன. வேலையில் குறை சொல்ல முடியாது, தடுமாறுவதெல்லாம் காகிதத்தில்தான். இப்படிப்பட்ட குழுக்களுக்குத் தோள் கொடுக்கவே கூட்டமைப்புகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கா முழுவதும் உள்ள அரசு சாரா அமைப்புகளை இணைக்க 1995இல் தொடங்கிய சாங்கோகோ, நம் கோவில்களையும் தமிழ்ச் சங்கங்களையும் இணைக்க 1968இல் வந்த தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பு, இரண்டும் இந்த வகைதான்.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

[திரையில்: பதிவு விண்ணப்பம்]

லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான சட்டம் 1997இல் வந்தது. அரசின் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை, உள்ளூரில் மட்டும் வேலை செய்கிற குழுவுக்கு அது கட்டாயமும் இல்லை. ஆனால் பதிவு எண் இல்லாமல் பெரிய நன்கொடையாளர்களிடம் போய் நிற்பது கஷ்டம். விண்ணப்பத்தோடு அமைப்பு விதிகள் கேட்பார்கள்: வருகிற பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள மாட்டோம், குழு கலைந்தால் மீதிச் சொத்து இதே போன்ற நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போகும் என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்காக வக்கீலைத் தேடி அலைய வேண்டாம். நல்ல கூட்டமைப்பிடம் மாதிரி விதிகள் இருக்கும், உங்களோடு உட்கார்ந்து திருத்தித் தர ஆளும் இருக்கும்.

பதிவு கிடைத்ததோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், சிக்கலே அப்புறம்தான். ஒவ்வொரு வருஷமும் நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கையும் கணக்கும் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். பொருளாளர் ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார், ரசீது எல்லாம் அவர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்று இழுத்தடித்தால் நோட்டீஸ் வரும், அதற்கும் அசையாவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். நன்றாகச் சேவை செய்கிற ஒரு குழு ஒரு கணக்குத் தாளுக்காக இந்த நிலைக்குப் போவதைப் போல வேதனை வேறில்லை. உறுப்பினர் குழுக்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு கணக்காளரை அமர்த்தி, தேதி நெருங்கும்போது நினைவூட்டுகிற கூட்டமைப்பு இருந்தால் இது நடக்காது. வரி விஷயம் தனி. நன்கொடை தந்தவருக்கு வரிச்சலுகை கிடைக்க நீங்கள் 18ஏ ரசீது தர வேண்டும், அதற்கு அரசின் வரித் துறையான சார்ஸிடம் வேறு விண்ணப்பம் போட வேண்டும்.

[திரையில்: ஃபீனிக்ஸ், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

காகிதத்தைவிடப் பெரிது, சேர்ந்து பேசும்போது வருகிற பலம். 1980இல் டர்பன் மாநகராட்சி வாடகையை உயர்த்தியபோது ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், நியூலாண்ட்ஸ் ஈஸ்ட் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து டர்பன் வீட்டுவசதி நடவடிக்கைக் குழுவாக எதிர்த்து நின்றன. அடுத்து 1983இல் நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி நூற்றுக்கணக்கான சங்கங்களை ஒரே அணியாக்கியது. சேர்ந்து நிற்பது நம் ஊருக்குப் புதிதில்லை, அப்பா அம்மா காலத்தில் செய்ததுதான். இன்றைக்கும் ஒரு சமூகக் கூடத்தின் மின்கட்டணத்தைப் பற்றி ஒரு குழு தனியாகக் கடிதம் போட்டால் பதில் வர எவ்வளவு நாளாகும் என்பது உங்களுக்கே தெரியும். முப்பது குழுக்கள் கையெழுத்துப் போட்டால் கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசுவார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உறுப்பினர் குழுக்கள் கேட்கிற அதே நிதிக்குக் கூட்டமைப்பும் போட்டி போட்டால் சின்னக் குழுதான் தோற்கும், ஏனென்றால் விண்ணப்பம் எழுத அவர்களிடம் சம்பள ஆள் இருக்கிறார், உங்களிடம் இல்லை. என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட இடத்தில் சேரவே கூடாது. சந்தா கட்டுவதற்கு முன்னால் போன வருஷ ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பையும் கணக்கையும் கேட்டு வாங்குங்கள், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு ஓட்டு உண்டா என்று பாருங்கள், ஏற்கெனவே சேர்ந்த இரண்டு சின்னக் குழுக்களுக்குப் போன் போட்டு, அவசரத்துக்குக் கூப்பிட்டால் யாராவது வருகிறார்களா என்று விசாரியுங்கள்.