கேமிங் சாமான் வாங்க முதல் இத ஒருக்கா பாருங்க | திருகோணமலை வெக்கைக்கும் உப்புக்காத்துக்கும் எது சரி?

[மேசையில ரெண்டு மவுஸ், ஒரு ஹெட்செட், ஒரு கன்ட்ரோலர்]

வணக்கம் மக்களே. இண்டைக்கு கேமிங் சாமான் பத்திக் கதைப்பம். மவுஸ், ஹெட்செட், ஃபோன் கூலர், கன்ட்ரோலர், யூபிஎஸ் (கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற பற்றரிப் பெட்டி) எல்லாம் வரும், ஆனா இந்த வருசத்தில பெஸ்ட் அஞ்சு எண்டு லிஸ்ட் போட மாட்டன். ஏனெண்டா எல்லாருக்கும் பொதுவா நல்ல மவுஸ் எண்டு ஒண்டு இல்ல, உங்கட கைக்கு நல்ல மவுஸ் தான் இருக்கு. அதோட அந்த லிஸ்ட் போடுற ஆக்கள் பாதிப்பேர் ஏசி ரூமுக்குள்ள இருந்து பாத்துச் சொல்றாங்க, நாங்க ஒரு பக்கம் டச்பே மற்றப் பக்கம் உள்துறைமுகம் எண்டு கடலுக்கு நடுவில இருக்கம், ஜன்னலத் திறந்தா உப்புக்காத்து, கச்சான் காத்து வீசுற மாசத்தில ஃபேன் போட்டாலும் வேர்வை ஓடும். அதயும் கணக்கில எடுத்துத்தான் வாங்கோணும்.

காசு எடுக்க முதல் ஒரு வேல செய்யுங்க. ஒரு கிழமைக்கு விளையாடேக்க எதில தடக்குறீங்க எண்டு கவனிங்க. எதிரி பின்னால வாறது கேக்கேல்லயா, கை நோகுதா, ஃபோன் கொதிச்சு கேம் இழுபடுதா, பிங் (கேம் ஓடுற சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்பி வாற நேரம்) ஏறுதா. அந்த ஒண்டுக்கு மட்டும் முதல்ல வாங்குங்க. வடிவா லைட் எரியுது எண்டு கீபோர்ட் வாங்கிப்போட்டு, எதிரி வாற சத்தம் கேக்காம கேம்ல சாகுற பெடியங்கள நிறையப் பாத்திருக்கன், அந்தக் காசில நல்ல இயர்ஃபோன் ஒண்டு வந்திருக்கும் எண்டு எனக்குக் கவலையாவே இருக்கும்.

மவுஸ். கைய மேசையில விரிச்சு வைச்சு நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் அடிமட்டத்தால அளங்க.

[கையும் அடிமட்டமும், கிட்டக் காட்டு]

பொதுவா 17 சென்டிமீற்றருக்குக் கீழ எண்டா சின்னக் கை, 20 தாண்டினா பெரிய கை. மவுஸ்ட நீளம் அதில 60 வீதம் மட்டில வந்தா பிடிக்கச் சுகம், இப்ப என்ர கை 18 எண்டு வைச்சா கிட்டத்தட்ட 11 சென்டிமீற்றர் மவுஸ். உள்ளங்கை முழுசா மவுஸ்ல படுற மாதிரி பிடிக்கிற ஆளெண்டா முதுகு உயர்ந்தது எடுங்க, விரல் நுனியால மட்டும் தள்ளுற ஆளெண்டா சின்னதும் பாரம் குறைஞ்சதும் எடுங்க. இடக்கைக்காரர் எண்டா ரெண்டு பக்கமும் ஒரே வடிவம் இருக்கிறதப் பாருங்க, வலக்கைக்கு வளைச்ச மவுஸோட கஷ்டப்பட்டுப் பழக வேணாம்.

பெட்டியில 26000 டிபிஐ எண்டு பெரிசா போட்டிருக்கும், அதப் பாத்து மயங்காதீங்க. மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தா எத்தின புள்ளி எண்ணுது எண்டது தான் டிபிஐ, வலோரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடுற ப்ரோ பிளேயர்ஸ் கூடுதலா 400, 800, 1600 இல தான் வைச்சிருக்காங்க. அத விட போலிங் ரேட்டைப் பாருங்க, மவுஸ் ஒரு செக்கன்டுக்கு எத்தின தரம் தகவல் அனுப்புது எண்டது தான் அது. 125 ஹேர்ட்ஸ் எண்டா 8 மில்லிசெக்கன்டுக்கு ஒருக்கா தான் மவுஸ் கொம்பியூட்டருக்குத் தகவல் அனுப்பும், 1000 எண்டா ஒவ்வொரு மில்லிசெக்கன்டும் அனுப்பும். 1000 இருக்கிற மவுஸ் இப்ப மலிவாவும் வருது.

கீபோர்ட்ட கனக்க இழுக்க மாட்டன். கீக்குக் கீழ ரப்பர் தகடு இருக்கிற சாதாரண மெம்பிரேன் போதும் எண்டா அது போதும், ஆனா மூணு நாலு கீய ஒண்டா அமத்தினா எல்லாம் வேலை செய்யுதா எண்டு கடையிலயே அமத்திப் பாருங்க. ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் இருக்கிற மெக்கானிக்கல் எடுக்கிறீங்க எண்டா ப்ளூ சுவிட்ச் டக்கு டக்கு எண்டு சத்தம் போடும், ராத்திரி ஒரு மணிக்கு பக்கத்து அறையில அம்மா அப்பா படுத்திருக்கிற வீட்டுக்கு சத்தம் குறைஞ்ச ரெட் சுவிட்ச் தான் சரி.

இப்ப காது. இதில கொஞ்சம் நிண்டு கதைக்கோணும், ஏனெண்டா சூட்டிங் கேம்ல காசுக்கு அதிகமா பலன் தாறது சத்தம் தான். சாதாரண புளூடூத் இயர்பட்ஸ்ல சத்தம் 100, 200 மில்லிசெக்கன்ட் பிந்தி வரும். 60 எஃப்பிஎஸ்ல, அதாவது திரையில செக்கன்டுக்கு 60 படம் ஓடேக்க, 200 மில்லிசெக்கன்ட் எண்டா 12 ஃபிரேம் (படம்), காலடிச் சத்தம் உங்களுக்குக் கேக்கேக்க எதிரி கதவால உள்ளுக்கு வந்திட்டார். வயர் வேணாம் எண்டா 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் (யூஎஸ்பியில கொழுவுற குட்டி ரிசீவர்) வாற ஹெட்செட் எடுங்க, அதில பிந்துறது தெரியாது. காசு குறைவு எண்டா 3.5 மில்லிமீற்றர் வயர் இயர்ஃபோன், ஃபோன்ல அந்த ஓட்டை இல்லாட்டி டைப் சி அடாப்டர் ஒண்டு. 7.1 சரவுண்ட் (சுத்திவரச் சத்தம் கேக்கும்) எண்டு போட்டிருக்கிறது கூடுதலா சொஃப்ட்வேரால செய்றது, ரெண்டு ஸ்பீக்கர் தான் உள்ளுக்க இருக்கும், அதுக்காகக் கூடக் காசு குடுக்காதீங்க.

பெரிய ஹெட்செட் எடுக்கிற ஆக்கள் காதுப் பஞ்சத் தொட்டுப் பாருங்க. ரெக்சின் மாதிரி இருக்கிறது எங்கட வேர்வைக்கு உரியத் தொடங்கும், கறுப்புக் கறுப்பா கன்னத்தில ஒட்டும். துணிப் பஞ்சு, அதுவும் கழட்டி மாத்தக் கூடியது எண்டா நல்லம். சத்தத்தையும் அளவா வையுங்க, 80 டெசிபல்ல கிழமைக்கு 40 மணித்தியாலம் தான் எல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமா குறையும். காது போனா திரும்பி வராது தம்பிமார்.

ஃபோன் கேமர்ஸுக்கு வருவம், எங்கட ஊரில அவங்க தானே கூட. ஃப்ரீ ஃபயர், பப்ஜி விளையாடேக்க வேர்வையில விரல் வழுக்கினா முதல்ல வாங்க வேண்டியது விரல் உறை. மின்சாரம் கடத்துற நூல் போட்டுத் தைச்சது, அதால தான் டச் எடுக்குது, நல்ல மலிவு. நனைஞ்சா காய வைச்சுப் போடுங்க.

[ஃபோன் கூலர், குளிர்ந்த பக்கத்தில தண்ணித் துளி]

இதக் கிட்டப் பாருங்க. இது பெல்டியர் கூலர், கரண்ட் போனா ஒரு பக்கம் குளிரும் மற்றப் பக்கம் சுடும், சுடுற பக்கத்த ஃபேன் ஆத்தும். இந்தா, அந்தக் குளிர்ந்த தகட்டில பொடிப் பொடியா தண்ணி கோத்திருக்கு. கடற்கரை ஊர்க் காத்தில ஈரம் கூட, குளிர்ந்த இடத்தில பட்டா தண்ணியாகும். ஃபோனுக்கு உள்ளயும் இப்பிடித் தண்ணி கோக்க ஏலும், அதால ஃபுல்லா வைக்காம குறைச்சு வையுங்க, இல்லாட்டி ஃபேன் மட்டும் இருக்கிற கூலர் எடுங்க. அதுக்கும் முதல்ல கவரைக் கழட்டிப்போட்டு, சார்ஜ் போட்டுக்கொண்டு விளையாடுறத நிப்பாட்டிப் பாருங்க, பாதிப்பேருக்கு கூலரே தேவைப்படாது. இன்னொண்டு, பப்ஜி மொபைல்ல கீபோர்ட் மவுஸ் கொழுவுற பெட்டி விக்கிறாங்க, அது ஏமாத்து எண்டு பிடிச்சா ஐடி (உங்கட கேம் கணக்கு) போகும். கோல் ஒஃப் டியூட்டி மொபைல்ல எண்டா கன்ட்ரோலர் கொழுவி விளையாட அவங்களே விட்டிருக்காங்க.

கன்ட்ரோலர் எண்டதும் எல்லாரும் கேக்கிறது ட்ரிஃப்ட் பத்தித்தான். நீங்க தொடாமலே கேமில இருக்கிற ஆள் தானா ஒரு பக்கம் நடப்பார். கன்ட்ரோலர்ல பெருவிரலால அசைக்கிற சாதாரண ஸ்டிக்குக்குள்ள கார்பன் பூசின சின்னப் பாதை ஒண்டு இருக்கு, அதுக்கு மேல ஒரு தகடு உரஞ்சிக்கொண்டே போகும், தேயத் தேய அளவு பிழைக்கும். ஹோல் எஃபெக்ட் ஸ்டிக்கில உரஞ்சிறதே இல்ல, காந்தம் எங்க இருக்கு எண்டு சென்சர் பாக்கும். எட்வின் ஹோல் 1879 இல கண்டுபிடிச்ச விசயம், 1998 இல வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்லயே இருந்திச்சு. இப்ப நடுத்தர விலையிலயும் கிடைக்குது, ஃபுட்பால் கேம் விளையாடுற ஆக்கள் இதப் பாத்து எடுங்க. பீசிக்கு எண்டா எக்ஸ்இன்புட் (வின்டோஸ் கேம் கன்ட்ரோலர அறியுற முறை) சப்போர்ட் இருக்கா எண்டு கேளுங்க, இல்லாட்டி நிறைய கேம் கன்ட்ரோலர அடையாளம் காணாம நிக்கும். விளையாடி முடிஞ்சா துடைச்சு, மூடிற பெட்டியில சிலிக்கா ஜெல் பக்கெட் ரெண்டு போட்டு வையுங்க. ஜன்னலடியில கிடந்தா யூஎஸ்பி வாயில கறள் பிடிக்கும்.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒண்டு. எங்கட பக்கத்தில கை இழந்த ஆக்கள், விரல் முழுசா வேலை செய்யாத ஆக்கள் எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்களுக்கும் விளையாட ஆசை இருக்கு. மைக்ரோசொஃப்ட் 2018 இல எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் எண்டு ஒண்டு விட்டது, முன்னுக்கு ரெண்டு பெரிய பட்டன், பின்னுக்கு வரிசையா 3.5 மில்லிமீற்றர் ஓட்டை, ஒவ்வொண்டிலயும் ஒரு வெளி சுவிட்ச் கொழுவலாம், காலால அமத்திறதோ முழங்கையால அமத்திறதோ உங்கட வசதி. வின்டோஸ் பீசியிலயும் வேலை செய்யும். சோனியும் 2023 டிசம்பர்ல பிஎஸ்5 க்கு அக்செஸ் கன்ட்ரோலர் விட்டது. அது எல்லாம் வாங்க வசதி இல்லாட்டி, பக்கத்தில 12 பட்டன் இருக்கிற மவுஸ் ஒண்டு எடுத்தா கீபோர்ட் வேலையில பெரிய பங்கு பெருவிரலுக்கே வந்திடும், ஒரு கையால நிறைய கேம் விளையாடலாம். வீட்டில இப்பிடி ஒரு ஆள் இருந்தா, எந்த விரல் அசையும், எவ்வளவு நேரத்தில களைக்கும் எண்டு அவரோட இருந்து கேட்டுப்போட்டு வாங்குங்க, நீங்களா முடிவெடுக்காதீங்க.

பிங் குறைக்கிற சாமான் ஏதும் இருக்கா எண்டா, இருக்கு, லான் கேபிள், ரவுட்டரயும் கொம்பியூட்டரயும் நேரா இணைக்கிற வயர். சேர்வர் மும்பாயிலயோ சிங்கப்பூரிலயோ இருக்கேக்க அந்தத் தூரத்த எந்தக் கேமிங் மவுஸும் குறைக்காது, ஆனா ரவுட்டருக்கும் கொம்பியூட்டருக்கும் இடையில வைஃபை பண்ற குழப்படிய கேட் 5ஈ எண்டு போட்ட லான் கேபிள் ஒண்டு நிப்பாட்டும். ரவுட்டர் அடுத்த அறையில எண்டா சுவரோரமா இழுங்க. 4ஜி ரவுட்டர் எண்டா முதல்ல அதத் தூக்கி ஜன்னல் பக்கம் வைச்சுப் பாருங்க, அதுக்குக் காசே இல்ல.

கரண்ட். 2022 இல மணித்தியாலக் கணக்கா இருட்டில இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்ப அப்பிடி இல்லாட்டியும் ஒரு செக்கன்ட் போய் வாற கரண்டே நடக்கிற மெட்ச முடிச்சிடும். ரவுட்டருக்கு எண்டு சின்ன யூபிஎஸ் விக்குது, உங்கட ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா எண்டு அடாப்டர்ல பாத்து அதே அளவு எடுங்க, மாறினா ரவுட்டர் பழுதாக ஏலும். ஃபோன்ல விளையாடுற ஆக்களுக்கு அது மட்டுமே போதும். பீசிக்கு 650 விஏ யூபிஎஸ் எண்டா அது 650 வொட் இல்ல, கூடுதலா 360, 390 வொட் தான் தாங்கும், அதுவும் சில நிமிசம், சேவ் பண்ணி நிப்பாட்டுறதுக்கு. ஐப்பசி கார்த்திகையில இடி முழங்கேக்க யூபிஎஸ் இருக்கு எண்டு நம்பி விளையாடாதீங்க, பிளக்கக் கழட்டுங்க.

கடைசியா வாங்குற இடம். டவுன் கடையில தொட்டுப் பாக்கலாம், கொழும்பு யூனிட்டி பிளாசாவில வகை கூட, ஒன்லைன்ல விலை குறையலாம். ஆனா ஹெட்செட்டும் மவுஸும் கையில பிடிச்சுப் பாக்காம எடுக்காதீங்க, கேபிள், கூலர், விரல் உறை எண்டா ஒன்லைன் பரவால்ல. ஒன்லைன்ல எடுத்தா பார்சல் பிரிக்கேக்க தொடக்கத்தில இருந்து வீடியோ எடுங்க, உடைஞ்சு வந்தா காட்ட ஏலும். வாரன்டி கடைக்காரர் தாறதா ஏஜென்ட் தாறதா, பிழைச்சா கொழும்புக்கு அனுப்புற செலவு ஆருக்கு எண்டு காசு குடுக்க முதல்ல கேட்டு பில்லில எழுதி வாங்குங்க. பெட்டியையும் வாரன்டி முடியுறவரைக்கும் எறியாதீங்க.