மீன் தொட்டிச் செடிக்கு எங்கே உரம் போடுவது?

வணக்கம் நேயர்களே. மீன் தொட்டியைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் இன்றைக்கு மீனைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. தொட்டிக்குள் கல்லிலும் மணலிலும் வேர்விட்டு நிற்கிற செடிகளைப் பற்றித்தான் பேச்சு, அதிலும் அவற்றுக்கு உரம் போடுவது பற்றி.

சென்னை கொளத்தூர் கடைகளுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு பாலித்தீன் பையில் நாலு செடியும் கொண்டுவருவார்கள். அகல இலையோடு கம்பீரமாக நிற்கிற அமேசான் ஸ்வார்ட், புல் மாதிரி நீளும் வாலிஸ்நேரியா, பழுப்பும் பச்சையுமாக இருக்கிற கிரிப்டோகோரைன், இவைதான் அதிகம் விற்பவை. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு இலை மஞ்சளாகும், இன்னொன்றில் ஓட்டை விழும், புதிதாக வரும் இலை முன்னதைவிடச் சின்னதாக வரும், கடைசியில் செடியே கரைந்து போய்விடும். கடைக்காரர் மோசமான செடியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் அவர் மேல் தப்பிருக்காது. செடி பட்டினி கிடந்து செத்திருக்கும்.

"அதுதான் மீன் கழிவு இருக்கிறதே, அதுவே உரம்தானே?" என்று உடனே கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். பாதி சரி. நாம் போடும் தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரில் சேரும். இரும்புச் சத்தும் பொட்டாசியமும் அதில் போதுமான அளவு வராது. அதோடு, சேர்கிற சத்தெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. செடியின் வேர் நிற்பதோ கழுவிக் கழுவி வெள்ளையாக்கிப் போட்ட வெறும் கல்லில். கடையில் நீலம், ரோஸ் என்று வண்ணம் பூசிக் கிலோ கணக்கில் விற்கிறார்களே, அந்தக் கல்லில் செடிக்கு ஒரு துளி சத்தும் கிடையாது.

எல்லாச் செடிக்கும் வேரில் உரம் வேண்டுமா என்றால், இல்லை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், பாசிப் புல் வகைகள் எல்லாம் கட்டையிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு வளர்பவை, இலை வழியாகவே தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அனுபியாஸின் தடித்த தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகியே போகும். ஆனால் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா, அல்லி, நம் ஊர்க் குளங்களில் மிதக்கும் இலையோடு கிடக்கிற கொட்டி, இவையெல்லாம் வேரால் சாப்பிடுகிற சாதி. வளர்ந்த ஒரு ஸ்வார்ட்டைத் தொட்டியிலிருந்து பிடுங்கிப் பார்த்தால் தெரியும், மேலே இலை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் குறையாமல் கீழே வெள்ளை வேர் ஓடியிருக்கும், இரண்டடித் தொட்டி என்றால் தரை முழுவதையும் ஒரே செடி வளைத்துப் போட்டிருக்கும். அத்தனை வேரையும் அது சும்மா வளர்க்கவில்லை.

இதை ஆராய்ச்சி பண்ணிச் சொன்னவர்கள் யார் என்பது ஒரு வேடிக்கையான கதை. நம் பக்கத்து நீர்நிலைகளில் சாதாரணமாகக் கிடக்கிற ஹைட்ரில்லா 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன் தொட்டிச் செடியாக அமெரிக்காவுக்குப் போனது. போன இடத்தில் ஃபுளோரிடாவின் ஆறு, ஏரி, வாய்க்கால் எல்லாம் பரவி, படகு போக வழியில்லாமல் அடைத்துவிட்டது. இந்த மாதிரிக் களைகளை ஒழிப்பது எப்படி என்று அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை மண்டையை உடைத்துக்கொண்டது. மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் இருக்கும் அதன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்கோ, மைக்கேல் ஸ்மார்ட் என்ற இருவர், களை எங்கிருந்து சாப்பிடுகிறது என்று 1980களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். வேர்விட்ட நீர்ச்செடிகள் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பு முதலான நுண்ணூட்டங்களையும் பெரும்பாலும் சேற்றிலிருந்துதான் எடுக்கின்றன, பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றைத் தண்ணீரிலிருந்து எடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. களையைக் கொல்லப் பார்த்தவர்கள் நமக்குச் செடி வளர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஏன் இப்படி என்பதற்கு இரும்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டே இருக்கிற ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாம் சேர்ந்து தொட்டித் தண்ணீரில் ஆக்சிஜனை நிறைத்து வைத்திருக்கும். அதில் இரும்பு போட்டால் சீக்கிரமே துருவாகிப் படிந்துவிடும், துருவைச் செடியால் எடுக்க முடியாது. அதனால்தான் திரவ உரங்களில் இரும்பை ஈடிடிஏ, டிடிபிஏ போன்ற வேதிப் பொருளோடு பிணைத்து விற்கிறார்கள். அதிலும் ஈடிடிஏ, தண்ணீரின் பி.ஹெச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 7ஐ நெருங்கும்போதே பிடியைத் தளர்த்திவிடும். நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் 7க்கு மேல், 8 வரைகூட இருக்கிறது. காசு கொடுத்து வாங்கின இரும்பில் பாதி ஃபில்டர் பஞ்சில்தான் போய்ச் சேரும். கல்லுக்கு அடியில் அப்படி இல்லை. அங்கே பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும், இரும்பு கரைந்த நிலையிலேயே இருக்கும், வேர் இழுத்துக்கொள்ளும்.

அதற்கு இயற்கையிலேயே உதாரணம் இருக்கிறது. வென்ட்டி என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கிரிப்டோகோரைன் இலங்கை ஓடைகளின் செடி. இரும்பு நிறைந்த செம்புரை மண் இலங்கையிலும் உண்டு, நம் புதுக்கோட்டைப் பக்கத்திலும் உண்டு. ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்துவிட்டு, 1807ல் வெளிவந்த தன் நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தாரே, அதே மண்தான். 1980களில் ஜெர்மனியில் இதையே அழகாகப் பொட்டலம் கட்டி, தொட்டியின் அடியில் போடுங்கள் என்று நல்ல விலைக்கு விற்றார்கள். நமக்கு அது வண்டி வைத்து அள்ளும் சரக்கு.

சரி, வீட்டில் என்ன செய்வது? ரூட் டேப் என்று மாத்திரை வடிவில் உரம் விற்கிறார்கள், வேருக்குப் பக்கத்தில் புதைப்பதற்கென்றே செய்தது. எடுத்தவுடன் தண்ணீரில் போட்டுவிட்டு அப்புறம் குச்சியால் அமுக்கலாம் என்று பார்க்காதீர்கள், அதற்குள் கரைய ஆரம்பித்துவிடும். நீளமான இடுக்கியில் பிடித்து, கையைத் தொட்டிக்குள் விட்டு, ஒரே மூச்சில் 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அழுத்திவிட்டு, இடுக்கியை மெல்லத் திறந்து வெளியே எடுத்து, மேலே கல்லைத் தள்ளி மூடிவிட வேண்டும். செடியின் நடுக்குருத்துக்கு நேர் கீழே வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், வேர் நுனி அங்கேதான் இருக்கும். இரண்டடித் தொட்டியில் இரண்டு ஸ்வார்ட் என்றால் நாலைந்து மாத்திரை போதும். கல்லின் ஆழம் 6, 7 சென்டிமீட்டர் இல்லையென்றால் முதலில் அதைக் கூட்டுங்கள், மேலாகக் கிடக்கும் உரம் செடிக்குப் போகாது, பாசிக்குத்தான் போகும்.

மாத்திரை விலை அதிகம் என்கிறவர்கள் ஆஸ்மோகோட் மாதிரி மெதுவாகக் கரையும் உரத்தை வாங்கி, மருந்துக் கடை காலி கேப்சூலில் அதன் சிறு உருண்டைகள் ஏழெட்டைப் போட்டு அவர்களே தயாரித்துக்கொள்கிறார்கள். நல்ல வழிதான். கேப்சூலுக்குள் காற்று இருப்பதால் புதைத்த கொஞ்ச நேரத்தில் அது கல்லைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும், ஊசியால் ஒரு ஓட்டை குத்திவிட்டுப் புதைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த உரத்தின் பையில் இத்தனை மாதம் வரும் என்று போட்டிருப்பது 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம் வீட்டுத் தொட்டி மே மாதத்தில் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும், அங்கே அது சீக்கிரமே தீர்ந்துபோகும், ஒவ்வொரு நாளும் வெளியே விடும் சத்தும் கூடுதலாக இருக்கும். அதனால் கோடையில் குறைவாகப் போடுங்கள்.

உரக்கடைக்குப் போய் யூரியா, டிஏபி வாங்கிப் புதைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. யூரியா தண்ணீரில் சிதைந்து அம்மோனியாவாகும், டிஏபியில் அது அம்மோனியமாக முதலிலேயே இருக்கிறது. பி.ஹெச் 7ல் அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமான அம்மோனியாவாக இருக்காது, 8ல் அது 5 பங்கைத் தாண்டிவிடும், தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். காலையில் எழுந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். மாட்டுச் சாணமும் அதே காரணத்துக்காக வேண்டாம். மண்புழு உரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மலிவான வழி வேண்டுமென்றால் களிமண் உருண்டை நல்லது. சலித்த செம்புரை மண்ணையும் களிமண்ணையும் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, நிழலில் நன்றாகக் காயவைத்துப் புதைத்தால் இரும்பு கிடைக்கும். தழைச்சத்து இதில் இல்லை, மீன் நிறைய இருக்கிற தொட்டிக்கு அது பரவாயில்லை. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களுக்கு இன்னொரு வழி, அடியில் ஓர் அங்குலம் சாதாரணத் தோட்ட மண், அதன் மேல் ஓர் அங்குலம் கல். டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி பிரபலப்படுத்திய முறை, ஆரம்பத்தில் அம்மோனியா ஏறும் என்பதால் அடிக்கடி தண்ணீர் மாற்றிக்கொண்டு, மீன் விடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். அதில் நட்ட செடியைப் பிடுங்கி இடம் மாற்றவே கூடாது, பிடுங்கினால் தொட்டி முழுக்கச் சேறாகிவிடும்.

பொட்டாசியம் மட்டும் தண்ணீரில்தான் போட வேண்டும் என்று மேலே சொன்ன ஆராய்ச்சியிலேயே வந்துவிட்டது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் உரக்கடையில் கிடைக்கும், 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம் சேரும். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது அவ்வளவு போட்டால் தாராளம்.

எது குறைகிறது என்று செடியே காட்டிக் கொடுக்கும். பழைய இலையைப் பாருங்கள், புது இலையைப் பாருங்கள். தழைச்சத்தும் பொட்டாசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை, பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே கீழ் இலை மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்து. கீழ் இலையில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டிப் பெரிதானால் பொட்டாசியம். நத்தை தின்றுவிட்டது என்று பலர் நத்தையைப் பழி சொல்வது இதைப் பார்த்துத்தான். இரும்பு அப்படி நகராது, அதனால் புது இலைதான் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், முற்றினால் குருத்தே வெள்ளையாக வரும். உரம் வைத்த பிறகு பழைய இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்து வரும் இரண்டு, மூன்று இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மறுபடி வெளிற ஆரம்பிக்கும்போது அடுத்த மாத்திரை, பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இதில் பட்டினியோடு சம்பந்தமில்லாத இரண்டு விஷயம் உண்டு. கிரிப்டோகோரைனை இடம் மாற்றினால் இலையெல்லாம் ஒரு வாரத்தில் கூழாகிவிடும், வேர் உயிரோடுதான் இருக்கும், தூக்கி எறியாமல் விட்டுவைத்தால் திரும்பத் துளிர்க்கும். ஸ்வார்ட்டைப் பல நர்சரிகளில் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள், அந்த இலைகள் தொட்டிக்குள் வந்ததும் செத்துப் போவது சகஜம். இந்த இரண்டுக்கும் பயந்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அதேபோல் வெளிச்சம் இல்லாத தொட்டியில் எந்த உரமும் வேலை செய்யாது, தினம் 6 முதல் 8 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும்.

இறால் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செடிக்குத் தாமிரமும் கொஞ்சம் தேவை என்பதால் நுண்ணூட்ட உரங்களில் அது இருக்கும், இறாலுக்கு அது ஆகாது. ஆழமாகப் புதைத்த மாத்திரையால் பொதுவாகத் தொந்தரவு வராது. ஆனால் புதைத்த இடத்திலிருந்து செடியைப் பிடுங்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும், அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.