வல்லத்துல செம்மண்ணு, திருவையாத்துல வண்டல்: ஏன் இப்படி?

அடுத்த கேள்வி. ஒரத்தநாட்டுலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, தஞ்சாவூர்லேர்ந்து வடக்க திருவையாறு போனா வயக்காட்டுல ஒரு கல்லு கண்ணுல படல. தெக்க வல்லம் போனா செக்கச்செவேல்னு மண்ணும் கல்லுமா கெடக்கு. பத்து கிலோமீட்டர்ல எப்படி இப்படி மாறுது?"

நல்ல கேள்விங்க. டெல்டான்னாலே எல்லாம் காவிரி கொண்டாந்து போட்ட வண்டல்னு நெனச்சுக்கறோம். ஆனா தஞ்சாவூர் இருக்கறதே அந்த வண்டலோட ஓரத்துல. வடக்க போனா வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா தாண்டுறோம்ல, அதெல்லாம் புது மண்ணு. தெக்க இருக்கற மேடு, காவிரி இந்த டெல்டாவைப் போடறதுக்குப் பல லட்சம் வருஷம் முந்தியே படிஞ்சது. கடலூர் மணற்கல்னு சொல்லுவாங்க. பண்ருட்டில முந்திரியும் பலாவும் காய்க்குதே, அந்த செம்மண்ணும் இதோட வகையறாதான்.

வல்லத்துல இந்த மேட்டு மேல கெடக்கற செவப்புக் கல்லு, செம்புறாங்கல்லுன்னு பேரு, ஒண்ணை எடுத்துப் பாருங்க. உடம்பெல்லாம் ஓட்டை, ஓட்டைக்குள்ள மஞ்சக் களி, கையில தேச்சா காவி ஒட்டும். மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு, திரும்ப நனைஞ்சு, இப்படியே காலங்காலமா நடந்ததுல மண்ணுல இருந்த சுண்ணாம்புச்சத்து, மணல்சத்தெல்லாம் பெரும்பாலும் கரைஞ்சு போயிடுச்சு. முக்கியமா இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். அந்த இரும்பு துருப்பிடிச்ச நெறம்தான் இந்த சிவப்பு. வெட்டும்போது மெத்துனு இருக்கும், காத்துப் பட்டா இறுகிடும்.

அதோட கரையாம நின்ன இன்னொண்ணு, கண்ணாடி மாதிரி இருக்கற படிகக் கல்லு (குவார்ட்ஸ்). வல்லத்துல கெடைச்ச அந்தக் கல்லைப் பட்டை தீட்டி மூக்குக் கண்ணாடி பண்ணியிருக்காங்க, தஞ்சாவூர்ல அது ஒரு காலத்துல பேர்போன தொழில்!

இந்த மேட்டுல ஆத்துத் தண்ணி ஏறாது. 1934ல கல்லணைக் கால்வாய், நாம புது ஆறுன்னு சொல்றோமே, அது வந்த பெறகுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆத்துப் பாசனம் பரவுச்சு.

"அப்போ பெரிய கோயில் கல்லு வல்லத்துதா?"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். இல்லைங்க. செம்புறாங்கல்லுல செலை செதுக்கினா பொலபொலன்னு உதிரும். 1010ல முடிஞ்ச அந்தக் கோயில் கருங்கல்லு. வண்டல்லயும் அது கெடையாது, இந்த மேட்டுலயும் கெடையாது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போனாத்தான் கருங்கல் பாறை. சோழ ராணி செம்பியன் மாதேவி காலத்துக்கு முந்தி டெல்டாவுல பல கோயில் செங்கல்லா இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னுதான் நான் சொல்லுவேன். களிமண்ணு காலடியில கெடக்கு, கல்லை வண்டி கட்டி இழுத்துட்டுல்ல வரணும்.