எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, நெஸ்ஸி மட்டும் ஏன் இன்னும் புள்ளியாகவே இருக்கிறது?

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். சிற்றலைகளுக்கு நடுவே நீண்ட கழுத்தும் சிறிய தலையும்.]

வணக்கம். இந்தப் படத்தை எங்காவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1934 ஏப்ரலில் லண்டனின் டெய்லி மெயில் நாளிதழில் வந்தது. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் நெஸ்ஸி என்ற ஒரு பூதம் வாழ்கிறது என்று உலகையே நம்ப வைத்தது. இப்போது அந்த அலைகளை மட்டும் உற்றுப் பாருங்கள். கழுத்தை மறந்துவிடுங்கள். இவ்வளவு பெரிய ஏரியில், ஒரு பெரிய விலங்கைச் சுற்றி, தொட்டித் தண்ணீரில் எழுவது போன்ற சின்னஞ்சிறு அலைகள் ஏன்?

ஏனென்றால் அது சின்னஞ்சிறு பொருள். கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கிக் கப்பல், அதன் மேல் மரவேலைப் புட்டியால் செய்த ஒரு கழுத்து. செய்தவர்களில் ஒருவரே முதுமையில் ஒப்புக்கொண்டார். 1994இல் விஷயம் வெளியே வந்தது. ஆனால் என்னை வியக்க வைப்பது பொம்மை அல்ல. பத்திரிகையில் வந்தது முழுப் படமே அல்ல! சுற்றியிருந்த நீர்ப்பரப்பை வெட்டிவிட்டுக் கழுத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டார்கள். முழுப் படத்தில் அது பரந்த தண்ணீரில் கிடக்கும் ஒரு துரும்பு. ஓரங்களை வெட்டியதும் பூதமாகிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் தேவைப்படும்.

ஏரியைப் பற்றி விரைவாக. ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம். மட்கிய தாவரத் துகள்கள் கலந்து தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். சில மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. 1933 மே மாதம் இன்வர்னெஸ் கூரியர் பத்திரிகையில் வந்த ஒரு செய்தியில்தான் இன்றைய பரபரப்பு தொடங்கியது. அன்று முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். போதும்.

இனி நம் கேள்வி. "எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே, நெஸ்ஸி இருந்தால் ஒரு நல்ல படமாவது வந்திருக்காதா?" பூதத்தை நம்பாதவர்கள் முதலில் எடுத்து வீசும் கேள்வி இதுதான். நானும் நம்பாதவன்தான். ஆனாலும் இந்த வாதத்தை இப்படியே விட எனக்கு மனமில்லை. இதில் பாதி தவறு.

இன்றிரவு மொட்டை மாடிக்குப் போங்கள். நிலாவைப் பாருங்கள். எவ்வளவு பெரியது, எவ்வளவு அழகு! போனை எடுத்து, ஜூம் செய்யாமல் ஒரு படம் எடுங்கள். என்ன கிடைத்தது? ஒரு வெள்ளைப் பொட்டு. இந்த ஏமாற்றத்தை அனுபவிக்காத ஆளே இருக்க முடியாது.

[திரையில்: இடப்பக்கம் நிலா, வலப்பக்கம் ஏரி. இரண்டிலும் ஒரே அளவு புள்ளி.]

இப்போது கணக்கைப் பாருங்கள். வானத்தில் நிலா எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் 9 மீட்டர் நீளப் பொருளும் கிட்டத்தட்ட அதே அகலம்தான் தெரியும். 9 மீட்டர்! ஒரு பஸ்ஸின் நீளம். அதாவது ஏரி நடுவில் ஒரு பஸ் அளவுக்குப் பூதம் எழுந்து மிதந்தாலும், கரையிலிருந்து உங்கள் போனுக்கு அது அந்த வெள்ளைப் பொட்டின் அகலம்தான்.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். போனின் முதன்மை கேமரா அகலமான காட்சிக்காகச் செய்யப்பட்டது: குடும்பப் படம், கல்யாண மேடை, மேசை மேல் இருக்கும் பிரியாணி. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 1,400 மீட்டர் அகலத்தை ஒரே படத்தில் அள்ளிக்கொள்கிறது. 12 மெகாபிக்சல் படத்தின் குறுக்கே 4,000 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு புள்ளிக்கு 35 சென்டிமீட்டர். ஒரு மனிதத் தலை ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டர் அகலத் திமில் என்றால் மூன்று புள்ளிகள். மூன்று! அதை வைத்து வாத்து என்றும் சொல்லலாம், மரக்கட்டை என்றும் சொல்லலாம், பூதம் என்றும் சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது.

பார்த்தவர் பதற்றத்தில் என்ன செய்வார்? இரண்டு விரலால் திரையை விரிப்பார். தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள போனில் உண்மையிலேயே கொஞ்சம் கூடுதல் விவரம் கிடைக்கும். அது இல்லாத போனில் ஓரங்கள் வெட்டப்படுகின்றன, நடுவில் இருப்பது பெரிதாக்கப்படுகிறது, இடைவெளியை மென்பொருள் தன் ஊகத்தால் நிரப்புகிறது. கரை போய்விட்டது, படகு போய்விட்டது, அளவு சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை. 1934இல் பத்திரிகை அலுவலகத்தில் செய்த அதே வேலையை இப்போது ஒவ்வொருவரும் தம் விரலாலேயே செய்துகொள்கிறோம்.

சரி, அப்படியானால் நெஸ்ஸி தப்பித்துவிட்டதா? இல்லை.

2013 பிப்ரவரி 15. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து வானில் ஒரு விண்கல் எரிந்துகொண்டே பாய்ந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. சில விநாடிகளில் முடிந்துவிட்டது. ஆனால் கார்களின் முகப்பிலிருந்த கேமராக்கள், தெருக் கேமராக்கள், போன்கள் என்று எத்தனையோ இடங்களிலிருந்து பதிவாகிவிட்டது. தனித்தனியே பார்த்தால் பல பதிவுகள் மோசமானவைதான். ஆனால் வெவ்வேறு கோணங்களில் எடுத்தவை என்பதால் அவற்றை ஒப்பிட்டு, கல் வந்த பாதையையே விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு செபார்குல் என்ற ஏரியின் அடியிலிருந்து அரை டன்னுக்கும் மேலான ஒரு துண்டை வெளியே தூக்கினார்கள். ஏரி, கேமரா, நம்பமுடியாத காட்சி எல்லாம் இருந்தன; பொருளும் கைக்கு வந்தது.

நெஸ் ஏரியைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கிறார்கள். ஆனாலும் நெஸ்ஸி வரும்போதெல்லாம் கிடைப்பது ஒரே ஒரு ஆளின், ஒரே ஒரு கோணத்துப் படம். எதிர்க்கரைக்காரர் அதே நிமிடம் எடுத்த படம் எங்கே? நம்பாதவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தெளிவான படம் எங்கே என்பதல்ல, இரண்டாவது படம் எங்கே?

கேமராவை விட்டுவிட்டுத் தேடியவர்களும் உண்டு. 1987இல் 24 படகுகள் வரிசையாகச் சென்று, ஒலியலைகளை அனுப்பி நீருக்கடியில் தேடும் சோனார் கருவியால் ஏரியைச் சலித்தன. 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து நீல் கெம்மெல் குழுவினர் ஏரி நீரில் மிதக்கும் மரபணுக்களைச் சேகரித்தார்கள். ஊர்வன எதன் மரபணுவும் இல்லை, விலாங்கு மீனின் மரபணு மட்டும் ஏராளம். 2016இல் ஓர் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி ஏரியடியில் உண்மையிலேயே ஒரு பூதத்தைக் கண்டது: ஷெர்லாக் ஹோம்ஸ் படமொன்றுக்காகச் செய்து, 1969இல் மூழ்கிப்போன மாதிரி. நீளம் 9 மீட்டர்!

பார்த்ததாகச் சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 2003இல் பிபிசி குழு ஒரு வேலிக்கட்டையை ஏரியில் மேலே எழுப்பிக் காட்டி, பார்த்த பயணிகளிடம் வரையச் சொன்னது. சிலர் பூதத்தின் தலையை வரைந்து கொடுத்தார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. எதிர்பார்த்து வந்த கண் அப்படித்தான் பார்க்கும்.

ஆகவே, நெஸ் ஏரிக்கோ வேறு எந்த ஏரிக்கோ போய் ஏதேனும் விசித்திரமாகக் கண்டால், ஜூம் செய்யாமல் முதலில் வீடியோவை ஓடவிடுங்கள். கரை, மரம், படகு ஏதாவது சட்டகத்துக்குள் இருக்கட்டும். பக்கத்தில் நிற்பவரை உடனே கூப்பிட்டு, ஐம்பது அடி தள்ளி நின்று அவரையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கோணம் இருந்தால் தூரம் கிடைக்கும், தூரம் கிடைத்தால் அளவு கிடைக்கும்.

அதற்கு முன் இன்றிரவு எடுத்த நிலாப் படத்தில் பொட்டின் குறுக்கே எத்தனை புள்ளிகள் என்று எண்ணிக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என் போனில் முப்பது வந்தது.