வேண்டாம் என்று சொல்ல வாய் வராத பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து இந்த நூலகத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே,

என்னிடம் ஆலோசனைக்கு வரும் பத்தாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெரம்பூரில் ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போவான். இறங்கும் இடம் வந்தால், 'அண்ணா, இங்க நிறுத்துங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்து, அங்கே இறங்கித் திரும்பி நடப்பான். அதே பையன் ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்போனை மாட்டிப் போனில் கேம் ஆட உட்கார்ந்தால், கூட ஆடும் மூன்று பேருக்குக் கட்டளை போடுகிறான்.

அம்மா போனைப் பிடுங்கிப் பார்த்தார், வைஃபையை அணைத்துப் பார்த்தார். சண்டைதான் மிச்சம். ஏன் நிறுத்த முடியவில்லை என்று கேட்டேன். "நடுவுல எழுந்தா மத்தவங்க தோத்துடுவாங்க சார். போறேன்னு எப்படிச் சொல்றது?" என்றான். ஆட்டத்தின் மேல் ஆசை பாதி, மறுத்தால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் பாதி. அந்தப் பயத்தைப் பிடுங்கிவைக்க எந்த அலமாரியிலும் இடமில்லை.

கூச்சம் போனுக்குள் தள்ளுகிறது. போனுக்குள்ளேயே இருந்தால் நேரில் பேசும் பழக்கம் விட்டுப்போகிறது. இரண்டையும் பார்க்கிறேன்.

'என் பிள்ளை வாயே திறக்க மாட்டான், அவ்வளவு அடக்கம்' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். எதிர்த்துப் பேசுவது வேறு, மனதில் இருப்பதை மரியாதையாகச் சொல்வது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் தன்னுறுதி என்று பெயர். 1958-லேயே ஜோசஃப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் இதைச் சிகிச்சையாக எழுதிவைத்தார்: நினைப்பதைச் சொல்லிப் பழகப் பழக, மனிதர்களைக் கண்டு வரும் பயம் தளரும்.

நாங்கள் செய்ததும் ஒத்திகைதான். நான் அவன் கூட்டாளி. "இன்னும் ஒரே ஒரு மேட்ச்டா" என்று கெஞ்சுவேன். அவன் "மச்சி, பத்து மணிக்குக் கிளம்பிடுவேன், நாளைக்கு வரேன்" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் குரலே எழவில்லை. அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதை அவனே கண்டுபிடித்தான். நடுவில் சொன்னால்தானே மற்றவர்களுக்கு நஷ்டம்?

வீட்டிலும் இடம் வேண்டும். உறவினர் வந்ததும் 'மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு' என்கிறோம். பிள்ளை 'இன்னைக்கு வேண்டாம்பா' என்றால், சரி என்று விட்டுவிடுங்கள். உங்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் கூட்டாளியிடம் எப்படிச் சொல்வான்?

அப்புறம், போன் பார்க்கும் பிள்ளையை எல்லாம் அடிமை என்று திட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வீடியோ கேம் கோளாறை நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. அதுகூட மணிக்கணக்கை அளவுகோலாக வைக்கவில்லை. கட்டுப்பாடு கைநழுவுகிறதா, மற்றதெல்லாம் பின்னுக்குப் போகிறதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா, பொதுவாக 12 மாதமாவது நீடிக்கிறதா என்றுதான் பார்க்கிறது. தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டால் தாமதிக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையன் இப்போதும் விளையாடுகிறான். பெரும்பாலும் பத்து மணிக்கு எழுந்துவிடுகிறான். போன வாரம் இரண்டு நாள் முடியவில்லை, அதையும் அவனே வந்து சொன்னான். ஷேர் ஆட்டோவில் மட்டும் இன்னும் குரல் எழவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை நானும் அவனோடு ஏறப்போகிறேன்.