செவ்வாய்க்கிழமை அச்சடிக்காத கணினி

வணக்கம் நேயர்களே. ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி நாள் பார்த்த கணினி ஒன்று இருந்தது.

2009ஆம் ஆண்டுக் கதை. உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருந்த ஒருவரிடம் அவர் மனைவி ஒரு குறை சொன்னார்: ஓப்பன் ஆஃபீஸ் என்ற ஆவண மென்பொருள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சடிப்பதே இல்லை. கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த அம்மா செய்தே காட்டினார். கணவரும் சொன்னதைச் சொன்னபடி உபுண்டுவின் பிழைப் பட்டியலுக்கு எழுதி அனுப்பினார்.

தோண்டிப் பார்த்தால், ஓப்பன் ஆஃபீஸ் மேல் தப்பே இல்லை. அச்சுக்குப் போகும் கோப்புக்குள் கிழமையும் தேதியும் எழுதப்படும். செவ்வாய் என்றால் ஆங்கிலச் சுருக்கம் ‘டியூ’, மூன்றே எழுத்து. ஒரு கோப்பு என்ன வகை என்று மோப்பம் பிடித்துச் சொல்ல ‘ஃபைல்’ என்றொரு குட்டி நிரல் உண்டு. அதன் விதி ஒன்று பிசகாக எழுதப்பட்டிருந்தது. அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும், இது எர்லாங் என்ற நிரல் மொழியின் கோப்பு என்று அது முடிவு கட்டிவிட்டது. அச்சடிக்க வேண்டிய ஆவணம் அங்கேயே நின்றுபோனது. மற்ற ஆறு நாளும் பிரச்சினை இல்லை.

இதைக் கண்டுபிடிக்க அந்த அம்மாவுக்கு எர்லாங் தெரிந்திருக்கத் தேவையே இல்லை. எந்தக் கிழமை என்று கவனித்தார், அவ்வளவுதான். வழுவை, அதாவது மென்பொருளில் உள்ள பிழையைச் சொல்லும்போது நாம் கோட்டை விடுவது இங்கேதான். பார்த்ததை விட்டுவிட்டு, காரணம் இதுதான் என்று நாமே ஊகித்து அதையே எழுதிவிடுகிறோம். மருத்துவரிடம் போய் ‘எனக்கு டைபாய்டு’ என்று ஆரம்பிக்கிற மாதிரி. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றுதானே அவர் கேட்பார்?

யாரிடம் சொல்வது என்ற குழப்பமும் வரும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘ரிப்போர்ட்பக்’ என்ற கருவியே இருக்கிறது. எந்தப் பொதி (அதாவது நிறுவிய மென்பொருள்), எந்தப் பதிப்பு என்பதை அதுவே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். இதே குறையை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் காட்டும். அந்தப் பட்டியலை ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து இரவில் இதைப் பார்க்கிறவர். ஒரே புகாரை ஒன்பது பேரிடம் வாங்கினால் யாருக்கும் அலுத்துப்போகும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆவணங்களில் சொல் தேடித் தரும் ஒரு பொதியில், ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் சில கோப்புகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. ‘தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரி எழுதி, திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து அந்தப் பொதியைப் பராமரிப்பவர் பணிவாகக் கேட்டார்: ‘எனக்குத் தமிழ் தெரியாது. படத்தில் இரண்டு சொல்லும் ஒன்றாகத்தானே இருக்கின்றன?’

அவர் கேட்டது நியாயம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஸ்ரீயை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடுக்குள் இந்த ‘ஶ’ வந்தது 2005இல்தான். அதற்கு முன் யூனிகோடில் தட்டச்சு செய்தவை ‘ஸ’ வழி. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகவே காட்டும். இதைப் படம் எடுத்து அனுப்பி என்ன பிரயோஜனம்?

அப்புறம் இரண்டே வரி கொண்ட ஒரு கோப்பைத் தயார் செய்தேன். முதல் வரியில் ஒரு ஸ்ரீ, இரண்டாவதில் இன்னொன்று. ஒவ்வொன்றின் யூனிகோட் எண்களையும் பக்கத்தில் எழுதினேன். எதைத் தேடினேன், எந்த வரி வந்தது, எது வந்திருக்க வேண்டும் என்று மூன்று வாக்கியம். கோபமாக ஒரு நாலாவது வாக்கியமும் எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. ‘இப்போது என் கணினியிலும் அந்த வழு வருகிறது’ என்று எழுதியிருந்தார். தமிழ் தெரியாத மனிதர்.